ஈ, தா, கொடு: அனைத்துலகக் கடனைத் தமிழில் சொல்லும் முறை குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

1998ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஜகார்த்தாவில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றை இவ்வட்டாரத்தில் நாற்பது வயதைக் கடந்தோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ மேசைமீது குனிந்து ஆவணம் ஒன்றில் கையொப்பமிடுகிறார். அவருக்கருகில் அனைத்துலக நாணய நிதியத்தின் அன்றைய மேலாண்மை இயக்குநர் மிஷேல் கம்டெசு கைகளைக் கட்டியபடி நின்று அதனை நோக்குகிறார். தமிழ் வழக்கில் கைகட்டி நிற்பவர் பணிபவர், அமர்ந்திருப்பவர் ஆள்பவர். அப்படத்திலோ இந்நிலை தலைகீழாயிற்று. கைகட்டி நின்றவரை ஆணையிடுபவராகவும் அமர்ந்திருந்த அதிபரைப் பணிபவராகவும் உலகம் கண்டது.

இத்தகைய நிகழ்வுகளை நம் தமிழ் நாளேடுகளும் பொது அறிவு நூல்களும் பெரும்பாலும் ஒரே தொடரால் குறித்துவிடுகின்றன. ‘நாணய நிதியம் நிதியுதவி வழங்கியது’ என்பதே அத்தொடர். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன்களும் இவ்வாறே ‘உதவி’ எனப்படுகின்றன. இச்சொல்லாட்சி பிழையானது என்பதைக் காட்டிலும் முழுமையற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். கடன் உடன்படிக்கை ஒன்றில் இரண்டு கேட்டல்கள் நிகழ்கின்றன. நாடு பணத்தைக் கேட்கிறது. கடன் தருவோர் அந்நாட்டின் கொள்கையை மாற்றும்படி கேட்கின்றனர். ‘உதவி’ என்னும் சொல் முதல் கேட்டலை மட்டும் காட்டி, இரண்டாவதனை மறைத்துவிடுகிறது. இதனைத் தெளிவுபடுத்தத் தொல்காப்பியம் வகுத்த ஒரு பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு, இந்தோனேசியா, மலேசியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் பட்டறிவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரத்தலின் இலக்கணம்

ஈ, தா, கொடு ஆகிய மூன்று சொற்களையும் இரத்தற்பொருளில் வருவனவாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் தொகுத்துக் கூறுகிறது. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங்கால் ‘ஈ’ என்பான். ஒத்தோர் தம்முள் கேட்குங்கால் ‘தா’ என்பர். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்குங்கால் ‘கொடு’ என்பான். இம்மூன்றும் ஆசிரியர்கள் வகுப்பறையில் பன்முறை கற்பித்தவையே. எனினும், இவ்விடத்தில் இரு நுட்பங்களை நினைவுகூர்தல் வேண்டும். முதலாவது, கேட்கப்படும் பொருள் ஒன்றாயினும் கேட்போர்க்கும் கேட்கப்படுவோர்க்கும் உள்ள உறவைச் சொல்லே வெளிப்படுத்திவிடுகிறது. இரண்டாவது, ‘கொடு’ என்பது படர்க்கைக்குரிய சொல்லாயினும், தன்னைப் பிறன்போல் வைத்துக் கூறும் குறிப்பினால் அது தன்மையிடத்தும் வரும் என நூற்பா அமைதி கூறுகிறது. அதாவது, உயர்ந்தோன் ‘எனக்குக் கொடு’ என்னாது ‘இவனுக்குக் கொடு’ எனத் தன்னையே வேறொருவனாக்கிக் கேட்பான் என உரையாசிரியர்கள் விளக்குவர். இவ்விரண்டாம் நுட்பம் பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

இதனோடு குறியெதிர்ப்பை என்னும் பழஞ்சொல்லையும் சேர்த்து எண்ணலாம். கொடுத்த அளவிலேயே திரும்பப் பெறும் கருத்துடன் கொடுக்கப்படுவதனை அச்சொல் குறிக்கும். திருக்குறளின் ஈகை அதிகாரம் தன் முதற்குறளிலேயே இதனை ஈகையிலிருந்து பிரித்துவிடுகிறது. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், நாணய நிதியம் தரும் பணம் ஈகையாகாது; வட்டியுடன் திரும்பப் பெறப்படுவதால் குறியெதிர்ப்பையும் ஆகாது. ஆக, கொடுத்தல் வகைகளைத் துல்லியமாகப் பகுத்துணர்ந்த மொழி ஒன்றில், அனைத்தையும் ‘உதவி’ என்னும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டிய தேவை இல்லை.

ஒத்தோர் அவையம்

1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்சில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடி நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் வடிவமைத்தனர். நிதியத்தின் சட்டவடிவம் ஒத்தோர் அவையத்தின் வடிவமே. ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் பொருளாதார வலிமைக்கேற்ப ஓர் ஒதுக்கீட்டுப் பங்கினைச் செலுத்துகிறது. அதில் கால்பகுதி அனைத்துலகச் செலாவணியாகவும் எஞ்சியது சொந்த நாணயமாகவும் அமையும். அயல்செலாவணி தீர்ந்து இடர்ப்படும் நாடு நிதியத்திடம் செல்லும்போது, சட்டமொழியில் அது கடன் பெறுவதில்லை. தன் நாணயத்தைக் கொடுத்துப் பிற நாணயத்தை ‘வாங்குகிறது’. பின்னர்த் தன் நாணயத்தைத் ‘திரும்ப வாங்குகிறது’. தான் செலுத்திய கால்பகுதியை எடுத்துக்கொள்வதற்கு எந்நிபந்தனையும் இல்லை. இவ்வளவில், நாட்டின் கேள்வி ‘தா’ என்பதாகும்.

ஆயினும், அக்கால்பகுதியைத் தாண்டியவுடன் நிலை மாறுகிறது. தொடக்கத்திலேயே இது குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. பிரிட்டனின் சார்பில் பேசிய கெய்ன்சு, பற்றாக்குறை நாடு தானாகவே பணம் பெறும் உரிமையை வேண்டினார். உபரி ஈட்டும் நாடுகளும் சரிசெய்தலின் சுமையில் பங்கேற்க வேண்டும் என்றார். போர் முடிவில் கடன் தரும் நிலையில் இருந்த அமெரிக்காவின் சார்பில் ஒயிட் முன்வைத்த திட்டமே பெரிதும் ஏற்கப்பட்டது. 1952இல் நிபந்தனையுடன் கூடிய கடன் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 1969இல் செய்யப்பட்ட முதல் திருத்தத்தின் மூலம் அது நிதியத்தின் சட்டத்திலும் இடம்பெற்றது.

வாக்குரிமையும் ஒதுக்கீட்டுப் பங்கினைப் பொறுத்தே அமைகிறது. அமெரிக்காவின் வாக்கு ஏறத்தாழ 16.5 விழுக்காடு, இந்தியாவினது ஏறத்தாழ 2.6 விழுக்காடு, மலேசியாவினது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. முதன்மையான முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குத் தேவை என்பதால், அமெரிக்கா ஒன்றே அவற்றைத் தடுக்க வல்லது. நிதியத்தின் தலைவர் ஐரோப்பியராகவும் உலக வங்கியின் தலைவர் அமெரிக்கராகவும் இருத்தல் எழுதப்படாத மரபாக நீடித்து வருகிறது. ஆகவே, சட்டத்தில் ‘தா’ எனத் தொடங்கும் கேள்வி, நடைமுறையில் ‘ஈ’ என முடிகிறது.

உலக வங்கியின் நிலை சற்று வேறானது. அதன் முதன்மைப் பிரிவு பத்திரங்களை விற்று உலகச் சந்தையில் பணம் திரட்டி, நடுத்தர வருமான நாடுகளுக்கு வட்டிக்குத் தருகிறது. 1947இல் அதன் முதற்கடனைப் பெற்றது பிரான்சு. தொகை 250 மில்லியன் டாலர். 1960இல் தொடங்கப்பட்ட அனைத்துலக வளர்ச்சிச் சங்கம் என்னும் பிரிவோ, வறிய நாடுகளுக்கு நீண்டகாலச் சலுகைக் கடனும், கடன்சுமை மிக்க நாடுகளுக்குத் திரும்பப் பெறாத கொடையும் அளிக்கிறது. ‘உதவி’ என்னும் சொல் முழுமையாகப் பொருந்தும் இடம் இக்கொடையே. ஒரே கட்டடத்தினின்று வரும் பணமாயினும் வட்டிக்கடன், சலுகைக்கடன், கொடை என மூவகைப்படும் என்பதைக் கூட நம் எழுத்துகள் வேறுபடுத்துவதில்லை.

யாருடைய கூற்று?

நிதியத்தின் கடன் நடைமுறையில் இலக்கிய மாணவர் கருதத்தக்க ஆவணம் ஒன்று உண்டு. அது நோக்கக் கடிதம் எனப்படும். கடன் கோரும் அரசு தான் மேற்கொள்ளவிருக்கும் நடவடிக்கைகளைத் தானே முன்வந்து அறிவிப்பதுபோல் நிதியத்திற்கு எழுதும் கடிதம் அது. கூற்று கடன் கோரும் நாட்டினுடையது. எனினும், அதன் உள்ளடக்கம் நிதிய அலுவலர்களுடன் நடந்த பேச்சில் உருவாவது. அகப்பாடலில் தலைவியின் கூற்றைப் படிக்கும் மாணவர், அதனை இயற்றிய புலவர் வேறொருவர் என்பதை அறிவர். நோக்கக் கடிதத்தைப் படிக்கும் குடிமக்களுக்கோ அவ்வறிவு இயல்பாக வாய்ப்பதில்லை.

சுகார்த்தோ கையொப்பமிட்டது இத்தகைய கடிதத்திலேயே. 1997ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ருப்பியாவாக இருந்த நாணயம், ஆகஸ்டு 14ஆம் நாள் மிதக்கவிடப்பட்டது. நவம்பரில் நிதியம் ஏறத்தாழ 10 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தின்படி நவம்பர் முதல் நாளில் 16 வங்கிகள் மூடப்பட்டன. வைப்புத்தொகைகள் அனைத்திற்கும் உறுதி அளிக்கப்படாமையால், பிற வங்கிகளில் பணம் வைத்திருந்தோரும் அஞ்சி அதனை மீட்டனர். சனவரியில் ஒரு டாலர் 10,000 ருப்பியாவைத் தாண்டியது. அந்நிலையில் எழுதப்பட்ட கடிதத்தில் ஐம்பது அம்சங்கள் இருந்தன. கிராம்பு வணிகத்தின் முற்றுரிமை, தேசியக் கார்த் திட்டம், விமானத் தயாரிப்பு ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

இங்கு நடுவுநிலை தேவை. கிராம்பு முற்றுரிமையும் தேசியக் கார்த் திட்டமும் அதிபர் குடும்பத்தாரின் நலனோடு பிணைந்தவை. அவற்றை நீக்கக் கோரியது இந்தோனேசிய உழவர்க்கும் நுகர்வோர்க்கும் தீங்கெனக் கூறுதல் இயலாது. ஆயினும், செலாவணி நெருக்கடியைத் தணிப்பதற்குக் கிராம்பு வணிகம் எவ்வளவு இன்றியமையாதது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடை, ‘சந்தையின் நம்பிக்கையை மீட்க வேண்டும்’ என்பதாகும். தொல்காப்பியம் சுட்டிய இரண்டாம் நுட்பம் இங்கேதான் பொருந்துகிறது. கடன் தருவோர் ‘எமக்குக் கொடு’ என்பதில்லை. ‘சந்தைக்குக் கொடு’ என்கின்றனர். தன்னைப் பிறன்போல் கூறும் அக்குறிப்பு, கேட்பவர் யார் என்பதனை மறைக்கிறது. கேட்பவர் மறைந்தால், விடை கூறும் பொறுப்பும் உடன் மறைகிறது.

இதன் விளைவை அதே ஆண்டு மே மாதத்தில் காணலாம். எரிபொருள் மானியத்தைக் குறைப்பது திட்டத்தின் பகுதியாக இருந்தது. மே 4ஆம் நாள் அரசு விலையை ஒரேயடியாகக் கடுமையாக உயர்த்தியது. கலவரங்கள் மூண்டன, மே 21ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார். மானியக் குறைப்பு யாருடைய முடிவு, அதனை ஒரே நாளில் செய்தது யாருடைய முடிவு என்னும் வினாக்களுக்கு ஒருவரையொருவர் சுட்டும் விடைகளே கிடைத்தன. அவ்வாண்டில் இந்தோனேசியப் பொருளாதாரம் ஏறத்தாழ 13 விழுக்காடு சுருங்கியது.

நிதியம் தன் பிழைகளை அறவே மறுக்கவில்லை என்பதையும் கூறல் வேண்டும். அதன் தற்சார்பு மதிப்பீட்டு அலுவலகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, இந்தோனேசிய வங்கி மூடலில் நேர்ந்த குறைபாடுகளை எடுத்துரைத்தது. 2002இல் நிபந்தனை நெறிமுறைகள் திருத்தப்பட்டு, திட்டம் அந்தந்த நாட்டின் உடைமையாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்தப்பட்டது. இந்தோனேசியா தன் கடனை 2006இல் முன்கூட்டியே அடைத்தது.

மலேசியப் பட்டறிவு

அந்நெருக்கடியின்போது பள்ளி மாணவராக இருந்த இக்கட்டுரையாளர், மலேசியா எவரிடமும் கையேந்தவில்லை என்னும் பெருமிதத்தைக் கேட்டு வளர்ந்தவர். அப்பெருமிதத்திற்கு அடிப்படை உண்டு. மலேசியா நாணய நிதியத்திடம் கடன் பெறவில்லை. 1998 செப்டம்பர் முதல் நாளில் மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்து, மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தியது. அவ்விகிதம் 2005 ஜூலை வரை நீடித்தது. வாராக் கடன்களை வாங்கத் தானாஹர்த்தாவும் வங்கிகளுக்கு மூலதனம் அளிக்கத் தானாமோடாலும் நிறுவப்பட்டன.

ஆயினும், ‘மறுத்தோம், மீண்டோம்’ என்னும் சுருக்கம் வரலாற்றுக்கு ஒத்ததன்று. 1997 டிசம்பரில் அரசாங்கச் செலவினம் 18 விழுக்காடு குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இது நிதியம் இன்றியே நிதியத்தின் மருந்தை உட்கொண்டதாகும் எனப் பின்னர்த் திறனாய்வாளர் குறிப்பிட்டனர். 1998இல் மலேசியா உலக வங்கியிடம் 300 மில்லியன் டாலர் கடன் பெற்றது. கட்டுப்பாடுகள் வருமுன்னரே பெருமளவு குறுகியகால மூலதனம் வெளியேறியிருந்தது. அவ்வாண்டில் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. நிதியத்தின் கடனைப் பெற்ற தென்கொரியாவும் விரைவில் மீண்டு, 2001இல் தன் கடனை அடைத்துவிட்டது என்பதையும் ஒப்புநோக்க வேண்டும்.

அவ்வாறாயின், மலேசியப் பட்டறிவு கற்பிப்பது யாது? மறுத்தல் என்பது மன உறுதியால் மட்டும் இயல்வதன்று, வசதியாலும் இயல்வது. அரசின் குறுகியகால அயற்கடன் குறைவாகவும் உள்நாட்டுச் சேமிப்பு மிகுதியாகவும் இருந்தமையால், ‘ஈ’ எனக் கேட்க வேண்டிய நிலை மலேசியாவுக்கு ஏற்படவில்லை. அயல்செலாவணி தீர்ந்துபோன நாடு அந்நிலையில் இல்லை. 1991இல் இந்தியா தன் பொன்னில் ஏறத்தாழ 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பானிய வங்கியிடமும் ஈடாக வைக்க நேர்ந்தது. அதனை அன்று ‘அடகு’ என்று அழைத்தனர் மக்கள். அச்சொல் துல்லியமானது, அதனாலேயே அது வலித்தது, வலித்ததனாலேயே அது விவாதத்தை எழுப்பியது.

கடன் யாருடைய கடன்?

அண்மைக் காலத்தில் இவ்வினா கூர்மையாக எழுந்த இடம் இலங்கை. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அந்நாடு அயற்கடன் செலுத்துவதனை நிறுத்துவதாக அறிவித்தது. 2023 மார்ச் 20ஆம் நாள் நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் வழங்கியது. இலங்கை நிதியத்துடன் செய்துகொண்ட பதினேழாம் ஏற்பாடு அது. பணம் ஒரே தவணையில் வருவதில்லை. நான்கு ஆண்டுக் காலத்தில், ஒவ்வொரு மதிப்பாய்வுக்குப் பின்னரும் ஒரு தவணை என வகுக்கப்பட்டது. ஒப்புதலுக்கு முன்னரே செய்து முடிக்க வேண்டியனவும் இருந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் மின்கட்டணம் சராசரியாக 66 விழுக்காடு உயர்த்தப்பட்டது.

கடன்சுமையைத் தாங்கத்தக்க அளவுக்குக் குறைக்கும் இலக்குகளைத் திட்டம் வகுத்தது. அவ்விலக்குகளை எட்ட உள்நாட்டில் எவரிடம் கேட்பது என்பதனை அரசு தீர்மானித்தது. 2023இல் ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த அரசுப் பத்திரங்களைக் கொடுத்து, காலம் நீண்டதும் 2026 முதல் வட்டி 9 விழுக்காடாகக் குறைவதுமான பத்திரங்களைப் பெற்றுக்கொண்டது. மறுத்திருப்பின் அந்நிதியின் பத்திர வருமானத்தின்மீது 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டிருக்கும். வணிக வங்கிகளிடமிருந்த அவ்வகைப் பத்திரங்கள் இம்மாற்றத்தினின்று விலக்கப்பட்டன. சேமலாப நிதியில் பணம் உடையோருள் மலையகத் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். கடன் வாங்கியபோது அவர்களைக் கேட்டார் எவருமிலர். அடைக்குங்கால் அவர்களது முதுமைக்கால வருமானம் கேட்கப்பட்டது. இந்நிகழ்வை ‘இலங்கைக்கு நிதியுதவி’ என்னும் தலைப்பின்கீழ் படிப்போர்க்கு, அத்தொழிலாளர் கொடுத்தோர் வரிசையில் நிற்பது புலப்படாது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. நிதியம் வராதிருப்பின் நிலைமை இன்னும் கொடிதாயிருக்கும். வேறெவரும் கடன் தராத வேளையில், சந்தை கோருவதிலும் குறைந்த வட்டிக்குத் தருவது உதவியே என்பர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எரிபொருளுக்கு நீண்ட வரிசையில் காத்து நின்ற கொழும்பு மக்களுக்கு இறக்குமதி மீண்டும் தொடங்கியது மெய்யான ஆறுதலே. எனினும், உதவி என்று ஒப்புக்கொண்ட பின்னரும் அதன் விலையைக் கேட்கும் உரிமை அழிவதில்லை. நிதியமே பெருந்தொகை பெற்ற நாடுகளிடம் மிகைவட்டி வாங்குகிறது. கண்டனம் எழுந்த பின்னர் 2024இல் அதனைத் தளர்த்தியது. விலை கேட்கப்பட்டதனாலேயே குறைந்தது என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

‘கடன்’ என்னும் சொல் பழந்தமிழில் கடமையையும் குறித்தது. புறநானூற்றில் பொன்முடியார் பாடல், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகியோர்க்குரிய கடமைகளை அச்சொல்லாலேயே நிரல்பட உரைக்கிறது. அங்கே கடன் ஒருவர்மீது மட்டும் சுமத்தப்படுவதன்று. ஒவ்வொருவருக்கும் தத்தம் கடன் உண்டு. அனைத்துலகக் கடனைப் பற்றி எழுதுங்காலும் இதனையே வேண்டுகிறோம். பெற்ற நாட்டின் கடனைச் சொல்லுமிடத்துத் தந்த நிறுவனத்தின் கடனையும் சொல்லுதல் வேண்டும்.

வகுப்பறையில் இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. இத்தகைய செய்தி ஒன்றை மாணவர்க்குக் கொடுத்து நான்கு வினாக்களை எழுப்பலாம். வந்தது வட்டிக்கடனா, சலுகைக்கடனா, கொடையா? பணத்திற்கு ஈடாகக் கேட்கப்பட்டது யாது? அதனைக் கேட்டவர் தம் பெயரால் கேட்டாரா, பிறர் பெயரால் கேட்டாரா? இறுதியில் எவர் கொடுத்தார்? இவ்வினாக்களுக்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. ஈ, தா, கொடு என்பவற்றின் வேறுபாட்டை உணர்ந்தால் போதும். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது எனக் கருதும் மாணவர்க்கு, அது நாளேட்டைப் படிப்பதற்கும் உரியது என்பதை உணர்த்த இதனினும் நல்ல வாய்ப்பு அமைதல் அரிது.